களிமண் கல்லான கதை

சுடாத பச்சைக் குடம் மழையில் நனைந்தால் கரைந்து போகும். சுட்ட குடமோ நீரைத் தாங்கி நிற்கும். இரண்டும் ஒரே மண்தான். இடையில் நிகழ்ந்தது என்ன?

களிமண்ணின் நுண்துகள்கள் மெல்லிய தகடு போன்றவை. அவற்றினிடையே நீர் புகும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதனால்தான் மண் குழைந்து, கைக்கு இசைந்து வடிவம் கொள்கிறது. வெயிலில் உலர்த்தினால் இந்நீர் வெளியேறும். மறுபடி நனைத்தால் திரும்பப் புகும். ஆனால், ஏறத்தாழ 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், துகள்களுக்குள்ளேயே வேதிமுறையில் பிணைந்திருக்கும் நீரும் பிரிந்துவிடுகிறது. வெப்பம் மேலும் ஏறினால் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. அதன்பின் அது சேறாவதில்லை. ஆகவே, மட்பாண்டக் கலை என்பது வனைதல் மட்டுமன்று; சுடுதலும் சேர்ந்ததே.

இக்கலை பானையிலிருந்து தொடங்கவில்லை என்றால் வியப்படைவீர்கள். இன்றைய செக் நாட்டின் தோல்னி வெஸ்டோனிட்ஸே என்னுமிடத்தில் 1925இல், சுட்ட களிமண்ணாலான பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. அதன் உயரம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல்.

பானை எப்போது வந்தது? உழவு தோன்றி, மக்கள் ஓரிடத்தில் தங்கிய பின்னரே தானியம் சேர்க்கப் பானை செய்தனர் என்று அறிஞர் நெடுங்காலம் கருதிவந்தனர். சீனாவின் சியாங்சி மாநிலத்திலுள்ள சியன்ரென்தொங் குகை இக்கருத்தை மாற்றியது. அங்கு ஓடுகள் கிடந்த மண்ணடுக்குகளிலிருந்த எலும்பையும் கரியையும் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்து, அவ்வோடுகள் சுமார் 20,000 ஆண்டுப் பழமையுடையவை என 2012இல் அறிவித்தனர். அக்காலத்தில் உழவு இல்லை. குயவர் சக்கரமும் இல்லை. வேட்டையாடித் திரிந்தோர் கையாலேயே செய்த பானைகள் அவை. சில ஓடுகளில் தீப்பட்ட கரியும் காணப்பட்டது. எனவே, அவை அடுப்பேறிய பானைகள் என்று கருதலாம்.

சமைத்தது என்ன? ஜப்பானில் 15,000 முதல் 11,800 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓடுகளில் தீய்ந்து ஒட்டியிருந்த உணவுப் படிவை ஆராய்ந்தனர். பெரும்பாலானவற்றில் மீன் போன்ற நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு இருந்தது. இம்முடிவு 2013இல் வெளியாயிற்று.

வாசகர்களே, இவ்விரண்டு உண்மைகளையும் நமக்குத் தந்தவை எவை? ஒன்று, ஓடு கிடந்த மண்ணடுக்கு. மற்றொன்று, ஓட்டில் ஒட்டியிருந்த கருமை. உங்கள் ஊர் மேட்டில் பழைய ஓடு தென்பட்டால் அதைத் தோண்டியெடுத்துத் தேய்த்துக் கழுவாதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். ஓடு உடையாமல் இருப்பினும், இடம் மாறினால் அதன் வரலாறு உடைந்துவிடும்.