சக்கை நீக்கிய பத்தியம்: குடல் அழற்சி நோயில் நார்ச்சத்துக்கு விதிக்கப்படும் தடை பற்றி

கிரோன் நோய் அல்லது பெருங்குடல் புண் அழற்சி என்று உறுதியானதும் நோயாளிக்குச் சொல்லப்படும் முதல் பத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கீரை, வாழைத்தண்டு, பயறு, தோலோடு தின்னும் பழம் எல்லாவற்றையும் விலக்கி, குழைந்த சோறும் மோரும் கொள்ள வேண்டும். இத்தடையின் மூலம் கிரோன் நோயின் முதல் விவரிப்பிலேயே இருக்கிறது. 1932-இல் கிரோன், கின்ஸ்பர்க், ஒப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரை, சிறுகுடலின் கடைப்பகுதி அழன்று, தழும்பேறி, அதன் உள்வழி குறுகிப்போவதை நோயின் இயல்பாகவே காட்டியது. வழி குறுகிய குடலில் சக்கை சிக்கினால் அடைப்பு வரும். ஆகவே சக்கையை விலக்கு என்பது அந்த நோயாளிக்குச் சரியான அறிவுரை. ஆனால் அது குழாயின் அகலத்தைப் பற்றிய விதி, அழற்சியைப் பற்றிய விதி அன்று. சுருக்கத்துக்கு உரிய இவ்விதியை நோய் முழுமைக்கும், அதுவும் வாழ்நாள் முழுமைக்கும் நீட்டியதற்குச் சான்று இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்த நீட்சியை நேரடியாகச் சோதித்த ஆய்வு பழையது. 1985-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, குடல் சுருக்கம் இல்லாத 70 கிரோன் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்குச் சக்கை குறைந்த உணவும் மறு சாராருக்கு அந்நாட்டின் வழக்கமான உணவும் கொடுத்துச் சராசரியாக 29 மாதங்கள் தொடர்ந்து கவனித்தது. அறிகுறிகளிலும் மருத்துவமனைச் சேர்க்கையிலும் அறுவையிலும் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. தடையை ஏற்றவர்கள் இழந்தது சுவையை, பெற்றது ஒன்றுமில்லை. இதற்கு நேர் எதிர்த் திசையில் நார்ச்சத்தை மருந்தாகவே கொண்டாடியவர்களும் உண்டு. 1979-இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஹீட்டனும் அவர் குழுவினரும், நார் மிகுந்த உணவு உண்ட 32 கிரோன் நோயாளிகள் மருத்துவமனையில் மொத்தம் 111 நாள் மட்டுமே இருந்தனர் என்றும், உணவு அறிவுரை பெறாத ஒப்பீட்டுக் குழுவினர் 533 நாள் இருந்தனர் என்றும் அறிவித்தனர். ஆனால் அந்த ஒப்பீட்டுக் குழு பழைய பதிவேடுகளிலிருந்து பொறுக்கப்பட்டது. 1987-இல் 352 பேரைக் கொண்டு பல மையங்களில் முறைப்படி நடந்த சோதனையில் அந்தப் பெரும் நன்மை தெளிவாகத் தென்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கிடைக்கும் முடிவு அடக்கமானது: நார்ச்சத்து கிரோன் நோயைக் குணமாக்கும் என்று சொல்ல இயலாது, சுருக்கம் இல்லாதவரைக் கெடுக்கும் என்றும் சொல்ல இயலாது. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 1,619 நோயாளிகளை ஆறு மாதம் கவனித்தது. நோய் அடங்கியிருந்த கிரோன் நோயாளிகளுள் நார் மிகுந்த உணவைத் தவிர்க்காதவர்களுக்கு நோய் மீண்டும் கிளம்பும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. உடல் நலமாக இருப்பவரே துணிந்து கீரை தின்பார் என்று இதை மறுக்கலாம், மறுப்பு நியாயமானதே. ஆனால் தடையை ஆதரிப்போர் பக்கத்தில் இவ்வளவு சான்றுகூட இல்லை.

உடலியங்கியலும் தடைக்குத் துணை நிற்கவில்லை. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து பெறுவதில்லை. நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து பெறுகின்றன. பெருங்குடல் புண் அழற்சியில் செல்கள் இந்த எரிபொருளைப் பயன்படுத்த முடியாமல் பட்டினி கிடக்கின்றன என்று 1980-இல் ரோடிகர் வாதிட்டார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ராமகிருஷ்ணா குழுவினர் செரிக்காத மாவுச்சத்தை உப்புச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்து, காலரா வயிற்றுப்போக்கு குறைவதை 2000-இல் காட்டியதும் இதே புளிப்பு வழியை நம்பித்தான். நோய் வேறு, பெருங்குடலின் பசி ஒன்று. நார் கிடைக்காத நுண்ணுயிரிகள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்பது 2016-இல் எலிகளில் நிறுவப்பட்டது. மனிதரிடத்தில், நோய் அடங்கிய 105 பெருங்குடல் புண் அழற்சி நோயாளிகளுக்கு இசப்கோல் விதையோ மெசலமின் மருந்தோ இரண்டுமோ கொடுத்த ஸ்பானிய ஆய்வில், ஓராண்டு முடிவில் சிகிச்சை தோற்றவர்கள் முறையே 40, 35, 30 விழுக்காடு. ஆய்வு சிறியது, எவருக்கு எது தரப்பட்டது என்பதும் மறைக்கப்படவில்லை. ஆகவே மருந்தை விட்டு இசப்கோலுக்கு மாறுவதற்கு இது சான்றாகாது. நார் அந்தக் குடலுக்குப் பகை என்ற நம்பிக்கையோடு மட்டும் இது ஒத்துப்போகாது.

கடினமான மறுப்புகள் இரண்டு. கிரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு உணவின்றித் திரவ ஊட்டம் மட்டுமே கொடுத்தால் பெரும்பாலோருக்கு நோய் அடங்குகிறது. அந்தத் திரவங்களில் பல நாரே இல்லாதவை. அப்படியானால் நாரின்மைதானே மருந்து? அப்படிக் கொள்வதற்கில்லை. அங்கே நீக்கப்படுவது நார் மட்டுமன்று, அன்றாட உணவு முழுவதுமே. அது சில வாரங்களுக்கான சிகிச்சை, வாழ்நாள் பத்தியமன்று. இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. லண்டனில் நோய் மூண்டிருந்த 103 கிரோன் நோயாளிகளுக்கு நாள்தோறும் 15 கிராம் ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற நார் கொடுக்கப்பட்டபோது பலன் இல்லை. பாதியில் விலகியவர்களும் அந்தச் சாராரிலேயே மிகுதி. நுண்ணுயிரிகளால் புளிக்கவைக்கப்படாத இவ்வகை நார்கள் சில நோயாளிகளின் குடற்திசுவில் அழற்சியைத் தூண்டக்கூடும் என்று கனடாவின் ஆல்பர்ட்டா ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினர். இதை மறுக்கத் தேவையில்லை. புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் குன்றிய குடலில், நோய் மூண்டிருக்கும்போது, பூண்டிலும் வெங்காயத்திலும் கோதுமையிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற இவ்வகை நார் தொல்லை தரலாம். ஆனால் அது ஒரு வகை நாருக்கு ஒரு நிலையில் எதிரான சான்று. இசப்கோலையும் ஓட்ஸையும் வெங்காயத்தையும் முருங்கைச் சக்கையையும் ஒரே சொல்லால் குறிப்பதால்தான் இக்குழப்பம் நீடிக்கிறது.

வயிறு உப்புகிறது, வலிக்கிறது என்று நோயாளி சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. எனினும் உப்புசமும் அழற்சியும் ஒன்றல்ல. மலத்தில் அழற்சியைக் காட்டும் கால்புரோட்டெக்டின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தால் இரண்டையும் பெரும்பாலும் பிரித்தறியலாம். உணவின் பக்குவமும் பொருட்படுத்தத்தக்கது. தோல் நீக்கி வேகவைத்து மசித்த பூசணியும் பச்சைக் கேரட்டும் தட்டில் வேறு, குடலில் அதைவிட வேறு. சுருக்கம் உள்ளவருக்குக்கூட நாரை முற்றாக விலக்காமல் அதன் வடிவை மாற்றிக் கொடுக்க இடமுண்டு. ஆகவே உணவுப் பட்டியல் எழுதும் மருத்துவரிடம் கேட்பது சிறிய காரியம்தான்: ‘நார் வேண்டாம்’ என்று எழுதும்போது, சுருக்கத்துக்காகவா, மூண்ட அழற்சிக்காகவா என்ற காரணத்தையும், அத்தடையை மீண்டும் பரிசீலிக்கும் தேதியையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள்.