திவால் ஆணை: மூன்று ஆண்டுக் கணக்கு எப்போது தொடங்குகிறது?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் திவால் பிரச்சினை பல குடும்பங்களுக்குக் கடனை விட முகவரியில்தான் தொடங்குகிறது. தோட்டத்து லயத்தை விட்டுப் பெஸ்தாரி ஜெயாவுக்கோ ஈஜோக்குக்கோ புக்கிட் ரோத்தானில் ஒரு தாமானுக்கோ குடிபெயர்ந்திருப்பார்கள். அடையாள அட்டையில் மட்டும் பழைய தோட்டத்துப் பெயரே இருக்கும். வங்கியின் கடிதமும் வழக்கறிஞரின் நோட்டீசும் அந்த முகவரிக்கே போகும். பல ஆண்டுகள் கழித்து, தமிழகத்துக் கோயில்களுக்குப் போகலாமென்று விமான நிலையம் சென்றவரைக் குடிநுழைவு முகப்பில் நிறுத்தும்போதுதான் தாம் திவாலானவர் என்பதே அவருக்குத் தெரிய வரும்.

குடிபெயர்ந்தால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். கடன் கொடுத்த வங்கிக்கும் புதிய முகவரியைத் தெரிவித்துவிடுங்கள்.

இன்றைய நிலையில் குறைந்தது 1 லட்சம் வெள்ளி கடன் இருந்தால்தான் ஒருவருக்கு எதிராகக் கடன்காரர் திவால் மனு செய்ய முடியும். முன்பு 30,000 வெள்ளியாக இருந்த இந்த வரம்பு 2017 அக்டோபர் 6இல் 50,000 ஆனது. கோவிட் காலத்தில் தற்காலிகமாக 1 லட்சமாக உயர்த்தப்பட்டு, 2021 செப்டம்பர் 1 முதல் நிரந்தரமானது. கடன் அதற்குக் குறைவாக இருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. திவாலாக்க முடியாதே தவிர, வழக்குப் போட்டுப் பொருளை ஜப்தி செய்யலாம்.

நம்மவர்களிடம் அதிகம் பார்ப்பது வாகனக் கடன். இரண்டு மாதத் தவணை தொடர்ந்து தவறினால், நோட்டீஸ் கொடுத்து வண்டியை இழுத்துப் போகலாம். வண்டியைக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். தீராது. ஏலத்தில் போன விலைக்கும் பாக்கிக் கடனுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும். இதோடு ஒரு பெர்சனல் லோனும் சேர்ந்தால் 1 லட்சம் தூரத்தில் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு திவால் நோட்டீஸ் வரும். அது கைக்குக் கிடைத்ததும் 7 நாட்கள்தான். அதற்குள் கட்ட வேண்டும், அல்லது பேசி முடிக்க வேண்டும், தொகை தவறென்றால் ஆட்சேபிக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே போக வேண்டிய இடம் ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. கட்டணம் கிடையாது. பல வங்கிக் கடன்களைச் சேர்த்து, வருமானத்துக்கு ஏற்ற மாதத் தவணையாக மாற்றித் தருவார்கள். திவால் ஆணை வந்துவிட்டால் அந்தத் திட்டத்தில் சேர முடியாது.

ஆணை வந்தபின் செய்ய வேண்டியதுதான் இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயம். பயந்துகொண்டு திவால் இலாகா பக்கமே போகாதவர்கள் நிறையப் பேர். ஆணை கிடைத்த 21 நாட்களுக்குள் 'பென்யாத்தா ஹால் எஹ்வால்' என்னும் சொத்து, கடன், வருமான விவர அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். 2017 திருத்தத்துக்குப் பிறகு ஆணை பெற்றவர்களுக்கு மூன்று ஆண்டில் தானாக விடுதலை கிடைக்கும் வழி உண்டு. ஆனால் அந்த மூன்று ஆண்டு ஆணை வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, இந்த அறிக்கை கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. அறிக்கை கொடுக்காமல் பத்து ஆண்டு ஒளிந்திருந்தாலும் கணக்கில் ஒரு நாள்கூடக் கழிந்திருக்காது.

அறிக்கை கொடுத்தபின் இலாகா உங்கள் வருமானத்தையும் குடும்பச் செலவையும் பார்த்து மாதாந்திரத் தொகை ஒன்றை நிர்ணயிக்கும். அதை ஒழுங்காகக் கட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவுக் கணக்கும் கொடுத்து வர வேண்டும். ஒத்துழைக்கவில்லை என்று கடன்காரர் நீதிமன்றத்தில் காட்டினால் விடுதலை இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகலாம்.

திவாலானால் எல்லாம் போய்விடும் என்பதும் தவறு. இபிஎஃப் கணக்கிலுள்ள சேமிப்பைக் கடன்காரர் தொட முடியாது. தொழில் கருவி, உடை, படுக்கை ஆகியவற்றுக்கு மொத்தம் 5,000 வெள்ளி வரை பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போகத் தடையில்லை. இலாகாவின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி நாட்டை விட்டுப் போக முடியாது. திவால் நிலையைச் சொல்லாமல் 1,000 வெள்ளியோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம்.

பழைய ஆணை உள்ளவர்கள் மனந்தளர வேண்டாம். ஐந்து ஆண்டு கடந்திருந்தால், இலாகாவின் தலைமை இயக்குநர் சான்றிதழ் மூலம் விடுவிக்கலாம். 50,000 வெள்ளிக்குக் குறைவான கடனுக்குத் திவாலானவர்களை விடுவிக்க 2023 மார்ச்சில் 'இரண்டாம் வாய்ப்பு' திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த திருத்தம், பணம் கட்ட இயலாத 70 வயதைக் கடந்தோருக்கும் வழி திறந்தது. வீட்டில் அப்பாவோ தாத்தாவோ இப்படி இருந்தால், ஷா ஆலம் அலுவலகத்துக்கு அழைத்துப் போய் ஒருமுறை விசாரியுங்கள்.

ஜாமீன் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வாகனம், வீடு, படிப்புக் கடன்களுக்கு ஆதாயம் எதுவும் பெறாமல் ஜாமீன் நின்றவரை 2017க்குப் பிறகு திவாலாக்க முடியாது. பணத்துக்காக வழக்குப் போட முடியும். கடன் வாங்கியவர் திவாலிலிருந்து விடுபட்டாலும் ஜாமீன்காரரின் பொறுப்பு தீராது. மச்சானுக்காகக் கையெழுத்துப் போடும் முன் இதை இரண்டு முறை படியுங்கள்.

விடுதலைக்குப் பின் அந்தச் சான்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். குடிநுழைவு இலாகாவின் இணையத்தளத்தில் பயணத் தடை நீங்கியதா என்று பாருங்கள். சிடோஸ் பதிவில் பழைய நிலையே இருந்தால் சான்றை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். 'பெயரைச் சுத்தம் செய்து தருகிறேன்' என்று முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். அவரால் எதையும் அழிக்க முடியாது. அவசரத்துக்கு ஆலோங்கிடம் போவது அதைவிட மோசம். உரிமம் பெற்ற வட்டிக்கடையில் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான் உச்ச வரம்பு.

பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை இசிசிரிஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஒவ்வொரு கடனுக்கும் கடைசி 12 மாதங்களில் எத்தனை தவணை நிலுவை என்பது எண்ணாக இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 0. ஆகவே முதலில் பெரிய கடனுக்கு அலைய வேண்டாம். வேலைக்குப் போக மோட்டார்சைக்கிள் போன்ற சிறு தவணை ஒன்றை, வங்கி கொடுத்தால், எடுத்து 12 மாதம் தவறாமல் கட்டுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் வங்கியின் முடிவு. ஒரு வங்கி மறுத்தால் உடனே அடுத்தடுத்து நான்கு இடத்தில் விண்ணப்பிக்க வேண்டாம், விண்ணப்பங்களும் அந்த அறிக்கையில் தெரியும்.