செக்ரோலும் தரவுத்தள இணைப்பும்

இலங்கையின் நுவரெலியா, ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளியின் நாள் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில்தான் பதிவாகிறது. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் ஆள் கணக்கு; கொழுந்து நிறுத்தபின் கிலோக் கணக்கு; குறித்த அளவு எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மாதச் சம்பளம், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக் கழிவு எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன. பதிவேடு யார் கையிலோ, ஆளும் அவர் கையில் என்றிருந்த காலமும் உண்டு. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில், தன் கடனை ஏற்றுத் தீர்க்கும் தோட்டத்துக்கு மட்டுமே தொழிலாளி போக முடிந்தது.

1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. துரை மாறினாலும் பேரேடு தொடர வேண்டும். நேரடித் தொடர்பேதும் இல்லையாயினும், கணினியில் இதே தேவைக்கு விடையாக, அதே ஆண்டில்தான் தரவுத்தளங்களை அணுக ஓடிபிசி என்னும் பொது இடைமுகத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. செயலி ஒரே வகை அழைப்புகளைச் செய்யும். இயக்கி அவற்றை அந்தந்தத் தரவுத்தளத்துக்கு ஏற்ப மாற்றித் தரும். தரவுத்தளத்தை மாற்றினாலும் செயலியைத் திருப்பி எழுத வேண்டாம். இதன் அடிப்படையான அழைப்பு இடைமுகம் 1995இல் சர்வதேசத் தரமானது. யுனிக்ஸ் உலகுக்கு ஐஓடிபிசியும் யுனிக்ஸ்ஓடிபிசியும் வந்தன.

கட்டற்ற மேசைத்தளங்கள் இந்தப் பொது இடைமுகக் கருத்தை இரு வழிகளில் உள்வாங்கின. 1997இல் தொடங்கிய க்னோம், க்னோம்-டிபி திட்டத்தின் கீழ் லிப்ஜிடிஏ நூலகத்தை வளர்த்தது. முதலில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனிச் சேவையகம் வைத்து, நிரல்களுக்கிடையிலான கோர்பா தொடர்புமுறை வழியே பேசவைத்தார்கள். வடிவமைப்பு அழகானது, சுமையும் பெரிது. பின்னர் அதைக் கைவிட்டு, செயலிக்குள்ளேயே ஏறும் செருகுநிரல்களாக்கினார்கள். நியுமெரிக் விரிதாளும் கிளோம் தரவுத்தளச் செயலியும் இதைப் பயன்படுத்தின, மற்றவை சொற்பம். கேடிஈயோ தான் நின்ற க்யூடி நூலகத்தையே நம்பியது. 2001இல் வந்த க்யூடி 3 எஸ்க்யூஎல் தொகுதியையும் கொண்டிருந்தது; 2002இன் கேடிஈ 3 அதன்மேல் எழுந்தது. நிரலாளர் தேடிப் போகாமலே கருவி கைக்கு வந்ததுதான் அதன் பலம் என்பது என் கணிப்பு. 2005இல் ஓப்பன் ஆபிஸ் 2.0 தந்த பேஸ் என்னும் தரவுத்தளச் செயலி, நிரல் எழுதத் தெரியாத கிளாக்கருக்கும் படிவமும் அட்டவணையும் அமைக்க வழி செய்தது.

இந்த நூலகங்கள் இணைப்பைத் தந்தன. தமிழைக் கவனிப்பது தங்கள் வேலையல்ல என்று விட்டுவிட்டன. எஸ்க்யூலைட் தரவுத்தளம் இயல்பாக எழுத்துகளின் குறியெண்களை வைத்தே ஒப்பிடும். யூனிகோடில் ‘ன’ மகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே செக்ரோலில் கனகம்மா முதலில் வந்து கமலா பின்னுக்குப் போவாள். நம் அகரவரிசையில் கமலாதான் முன்னவள். மொழிகளின் அகரவரிசையை அறிந்த ஐசியு நூலகத்தைச் சேர்த்தால் வரிசை சரியாகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஐசியு வரிசைமுறைகளுக்கு இடமளித்தது 2017இன் 10ஆம் பதிப்பில்தான்.

வரிசை திருத்தக்கூடியது. பெயர்கள் பொருந்தாதது அதைவிடப் பெரிய சிக்கல். தமிழில் முத்தம்மாவாக இருப்பவர் ஆங்கிலத்தில் ஒரு விதமாகவும், சிங்களத்தில் எழுதிய பதிவாளரின் காதுக்கு எட்டியபடி வேறு விதமாகவும் ஆவார். பெயரை வைத்து இரு அட்டவணைகளை இணைத்தால் சேமலாப நிதிக் கணக்கு வேறொருவருடையது போலத் தோன்றும். இணைப்புச் சாவியாகத் தேசிய அடையாள அட்டை எண் இருக்க வேண்டும் என்பதே பொறியியல் விடை. அந்த அட்டை 1972இலிருந்து இலங்கைக் குடிமக்களுக்கே வழங்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரில் மீந்திருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தது. அதற்கு முன்னான சேவைக்காலத்துக்குப் பலரிடம் இருப்பது அவரவர் தோட்டத்துச் செக்ரோல் எண் மட்டுமே. அது அடுத்த தோட்டத்தில் வேறொருவருடைய எண்.