முறிதல், விரிதல், பிரிதல்: வெடிப்பைக் கணித்தறிந்த வரலாறு

'வெடி' என்பது தமிழின் பழஞ்சொற்களுள் ஒன்று. கோடையில் வயல் வெடிக்கிறது, பருத்திக்காய் வெடிக்கிறது, கடாரத்துத் தோட்டங்களில் ரப்பர்க் காய் உலர்ந்து வெடித்து விதைகளைத் தொலைவில் எறிகிறது. உள்ளிறுக்கம் தாளாமல் பிளத்தல் என்பதே இவற்றின் பொதுப்பொருள். வெடிமருந்தின் செயலோ அதனோடு நிற்பதில்லை. அதிலிருந்து எழும் அழுத்த அலை காற்றின் வழியே சென்று, மில்லிநொடிகளுக்குள் அண்மையிலுள்ள சுவரையும் பாலத்தையும் தாக்குகிறது.

கெடா மாநிலம் அதனை 1941 டிசம்பரில் கண்டது. டிசம்பர் 8ஆம் நாள் சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார் விமானத் தளங்கள் ஜப்பானியரின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. ஜித்ராப் போரில் தோற்றுப் பின்வாங்கிய பிரித்தானியப் படையினர் வழியிலிருந்த பாலங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஜி. ஐ. டெய்லர் என்னும் அறிஞர், வெடிப்பலை பரவும் முறையைச் சமன்பாடுகளால் விளக்கி அரசுக்கு மறைவறிக்கை அளித்தார். அது 1950இல் பொதுவில் வெளிவந்தது.

டெய்லருக்கு முன்பே ஹாப்கின்சன், கிரான்ஸ் ஆகியோர் ஓர் எளிய விதியைக் கண்டிருந்தனர். வெடிமருந்தின் நிறை 8 மடங்கானால், அதே உச்ச அழுத்தம் 2 மடங்கு தொலைவில் உணரப்படும். தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் இடையே எவ்வளவு வெளி விடவேண்டும் என்னும் கேள்விக்கு இத்தகைய கணக்கே அடிப்படை. 1991 மே 7ஆம் நாள் சிலாங்கூரின் சுங்கை பூலோவில் பட்டாசு ஆலை வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டதையும், சுற்றியிருந்த வீடுகள் சிதைந்ததையும் நினைப்போர்க்கு அவ்விடைவெளியின் அருமை விளங்கும்.

அலையைக் கணித்தால் மட்டும் போதாது. அதனை ஏற்கும் பொருளையும் அறியவேண்டும். எஃகு வளைந்து நெளிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளும். இழையைப் பிசினில் பொதிந்து, அடுக்கடுக்காகச் செய்யப்படும் கூட்டுப்பொருளின் இயல்பு வேறு. இழை ஓடும் திசையில் அது மிக வலியது, குறுக்கே மெலியது. தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயூ ஹீத்தாமில் விமானங்களுக்கான இத்தகைய உறுப்புகள் இன்று செய்யப்படுகின்றன. 1988 டிசம்பர் 21ஆம் நாள் லாக்கர்பி நகருக்கு மேலே பயணப்பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 270 பேர் மாண்ட பின்னர், வெடிப்பைத் தாங்கும் சரக்குப் பேழைகளை இழைப்பொருளால் அமைக்கும் ஆய்வுகள் முனைப்புற்றன.

அவ்வாய்வுகளுக்குக் கணினி துணைநின்றது. 1976இல் அமெரிக்காவின் லாரன்சு லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் உருவாக்கிய 'டைனா-3டி' நிரல், பொருளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, நொடியின் நுண்பகுதிதோறும் ஒவ்வொரு கூறின் அசைவையும் கணக்கிட்டது. ஆயினும் கூட்டுப்பொருள் எவ்வாறு சிதையும் என்பதை நிரலுக்கு நாமே சொல்லவேண்டும்.

இங்கே மொழி முதன்மை பெறுகிறது. இழை முறிகிறது, பிசின் விரிசல் விடுகிறது, அடுக்குகள் ஒன்றைவிட்டொன்று பிரிகின்றன. மூன்றும் வெவ்வேறு நிகழ்வுகள். மூன்றுக்கும் வெவ்வேறு அளவுகோல்கள் தேவை. ஹாஷின் 1980இல் வகுத்த நெறியும் இழையின் சிதைவையும் பிசினின் சிதைவையும் தனித்தனியே அளந்தது. மாணவர் மூன்றையும் 'உடைந்தது' என்று ஒரே சொல்லால் எழுதினால், வேறுபாடு சொல்லில் மட்டுமன்றிச் சிந்தனையிலும் மறைந்துபோகும். முறி, விரி, பிரி என்னும் வினைகள் நம் வழக்கில் ஏற்கெனவே உள்ளன. அவற்றை வரையறுத்து வகுப்பறையில் வழங்கச் செய்வதே நம் பணி.

ஒன்றை மறத்தலாகாது. திரையில் தோன்றும் மாதிரி, உண்மைச் சோதனையோடு ஒத்துப்போகும் அளவுக்கே நம்பத்தக்கது. கூறுகளைப் போதிய அளவு நுணுக்கிப் பகுக்காவிடினும், அதிவேகத்தில் பொருளின் வலிமை மாறுபடுவதைக் கணக்கில் கொள்ளாவிடினும், அழகிய படமே பிழையான விடையைத் தரும். அவ்விடையை நம்பிச் சுவருக்குப் பின்னால் நிற்பவர்கள் மனிதர்கள். ஆதலின் சொல்லிலும் கணக்கிலும் துல்லியம் வேண்டும் என்று மாணவர்க்கு இளமையிலேயே உணர்த்துவது ஆசிரியர் கடமையாகும்.