இறகு மெத்தை

மோட்டார் சைக்கிளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வரலாற்றையே எழுதிவிடுகிறார்கள். அதன் திறனைச் சாலையில் ஊன்றச் செய்த சஸ்பென்ஷனின் கதையோ அடிக்குறிப்பாக நின்றுவிடுகிறது.

1935இல் பி.எம்.டபிள்யூ தன் ஆர்12 வண்டியில், எண்ணெயால் அதிர்வை அடக்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை முன்சக்கரத்துக்குப் பொருத்தியது. ஆனால் அவ்வண்டியிலும் பின்சக்கரம் சட்டகத்தோடு அசைவின்றிப் பிணைக்கப்பட்டிருந்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றின் நிலையும் அதுவே. ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு இருக்கையடியில் இருந்த சுருள்வில்களே துணை. பின்சக்கரத்துக்கு வில் என்பது உடலுக்குச் சொகுசு, வேகத்துக்குக் கேடு எனப் பலரும் நம்பினர்.

அந்நம்பிக்கையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் பெல்ஃபாஸ்ட் நகரின் ரெக்ஸ் மெக்கேன்ட்லெஸ். பொறியியலைத் தாமாகவே கற்றவர். 1940களில் தமது வண்டியின் பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையும் கரமொன்றில் பொருத்தி, இருபுறமும் ஷாக் அப்சார்பர்களை நிறுத்தினார். பின்னர் பிறருடைய பழைய வண்டிகளையும் அவ்வாறே மாற்றிக்கொள்வதற்கான உறுப்புகளை, சகோதரர் க்ரோமியுடன் சேர்ந்து விற்கலானார். நார்ட்டன் நிறுவனத்துக்கு அவர் வடித்த சட்டகத்தை ஓட்டிப்பார்த்த பந்தய வீரர் ஹரால்ட் டேனியல், இறகு மெத்தையில் இருப்பதாக உணர்ந்தார். அதுவே சட்டகத்தின் பெயராயிற்று. 1950ஆம் ஆண்டு ஐல் ஆஃப் மேன் சீனியர் டி.டி. பந்தயத்தின் முதல் மூன்று இடங்களும் நார்ட்டனுக்கே கிடைத்தன. வென்றவர் ஜெஃப் டியூக்.

மெத்தை எவ்வாறு வேகமாயிற்று? சக்கரம் துள்ளி எழும் கணத்தில் டயருக்குப் பிடிப்பில்லை. வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்; ஆனால் வாங்கியதைத் திருப்பியும் எறியும். சிறு துளைகள் வழியே எண்ணெயைத் தள்ளும் டாம்பர், அவ்விசையை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகிறது. சக்கரம் தரையை விடாதிருப்பதே சொகுசுக்கும் பிடிப்புக்கும் பொதுவான அடிப்படை.

இந்த வரலாறு இன்றும் பயன்படும். பின்புற ஷாக்கின் வளையத்தை இறுதிப் படிவரை முறுக்கிவிட்டால் வண்டி உறுதிப்படும் என்று எண்ணுவோர் பலர். அதனால் வில்லின் இயல்பு மாறுவதில்லை. வண்டி உயர்ந்து நிற்கிறது, அவ்வளவே. பள்ளத்தைத் தொடர்ந்து கீழிறங்கச் சக்கரத்துக்கு இடம் குறைந்துபோகிறது. ஓட்டுபவரின் எடைக்கேற்ற வில், அந்த வில்லுக்கேற்ற டாம்பர், அமர்ந்ததும் சற்றே அமிழும் வண்டி ஆகியவையே செப்பனிடலின் இலக்கணம். விறைப்பையே உறுதி என்று கொள்ளும் பிழையை மெக்கேன்ட்லெஸ் 1940களிலேயே திருத்திவிட்டார்.