வேறு ஊராக நடித்த தீவு

எங்கட பக்கம் குறும்படமோ பாட்டு வீடியோவோ எடுக்க வாற ஆக்கள் செய்யிற முதல் வேலை, பாசிக்குடாவுக்குப் போய் ட்ரோனை மேலே விடுறது. பிழை சொல்ல ஏலாது. கனதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுக்கு மேல் ஏறாத கடல், அந்த நீலம், கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் வடிவாத்தான் வரும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இது வாழைச்சேனைக்குப் பக்கத்துக் கரை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மாலைதீவு என்று பெயர் போட்டாலும் நம்புவார்கள்.

இலங்கைக்கு இது புதுசும் இல்லை. இந்தத் தீவு சினிமாவில் அதிகம் செய்த வேலை, வேறு நாடாக நடிப்பதுதான்.

பெரிய உதாரணம் கித்துல்கல. டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தை 1956-57 காலத்தில் அங்கேதான் எடுத்தார். கதை நடப்பது தாய்லாந்துக் காட்டில். ஓடுகிற ஆறு எங்கட களனி கங்கை. படத்துக்கென்றே மரத்தால் ஒரு பெரிய பாலம் கட்டி, அதன்மேல் நிஜ ரயிலை ஓட விட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். படம் 7 ஒஸ்கார் வாங்கியது. பாலத்தின் அடித்தளக் கொங்கிரீட் இன்றும் ஆற்றங்கரையில் கிடக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் பஸ் பிடித்து வருகிறார்கள்.

அந்தப் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்தவர்களில் மட்டக்களப்புப் பொடியன் ஒருவனும் இருந்தான். 1939இல் அமிர்தகழியில் பிறந்து, புளியந்தீவு புனித மைக்கேல் கல்லூரியில் படித்த மகேந்திரன். பள்ளிக்கூடச் சுற்றுலா போன இடத்தில் ஷூட்டிங் நடந்தது. இயக்குநர் 'மழை' என்று கத்தினாராம், மழை கொட்டியதாம். சொன்னவுடன் மழையை வரவைக்கிற ஆளாக நானும் வரவேணும் என்று அன்றைக்கே முடிவெடுத்தான் என்பது அவரைப் பற்றி எப்போதும் சொல்லப்படும் கதை. பிறகு புனே திரைப்படக் கல்லூரி, ஒளிப்பதிவு, 1977இல் கன்னடத்தில் 'கோகிலா', 1982இல் 'மூன்றாம் பிறை'. பாலு மகேந்திரா என்றால் உங்களுக்குத் தெரியும்.

கொஞ்சம் நில்லுங்க, அந்தப் பாலத்தைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கு. ஜப்பான் இராணுவம் போட்ட அந்த சயாம் ரயில் பாதையில் செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமில்லை. மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாகச் செத்தார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. தமிழர் வாழும் ஒரு தீவில் எடுத்த படத்தில், அந்தப் பாதையில் மாண்ட தமிழர்களைக் காணோம். லொகேஷனாக இருப்பது வேறு, கதையில் இருப்பது வேறு.

பாலு மகேந்திராவிடம் திரும்பி வருவோம். 'வீடு' (1988) பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் இந்த வாரமே பாருங்கள். சென்னையில் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. அதற்கான வித்து, தான் சிறுவனாக இருந்தபோது அம்மா வீடு கட்டிய நாட்களும் அப்போது அம்மாவின் முகமும் குணமும் மாறிப்போனதும்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தச் சென்னை வீட்டுக்கு அடியில் எங்கட மண் வீடு ஒன்று இருக்கிறது. ஆனால் 2014இல் அவர் காலமாகும்வரை, அவர் இயக்கிய எந்தப் படமும் மட்டக்களப்பு வாவிக்கரையில் எடுக்கப்படவில்லை. ஊட்டி, பெங்களூர், சென்னை எல்லாம் அவருடைய கமராவுக்குள் வந்தன. அமிர்தகழி வரவில்லை.

எங்களுக்குப் பதிலாக வேறு ஊர்கள் நடித்தன என்பது கதையின் மறுபக்கம். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் மாங்குளம் என்று காட்டிய இடங்கள் இந்தியாவில் எடுத்தவை. 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'தீபன்' படத்தின் இலங்கைக் காட்சிகளும் இந்தியாவில்தான் எடுக்கப்பட்டன. போர் நடந்த காலத்திலும் அதற்குப் பிந்திய கெடுபிடிகளிலும் இங்கு வந்து எடுத்திருக்க முடியாது என்பது உண்மை. அதே காலத்தில் தீபா மேத்தா, காசியில் 2000இல் தடுக்கப்பட்ட தன்னுடைய 'வாட்டர்' படத்தை வேறு பெயர் சொல்லித் தென்னிலங்கையில் எடுத்து முடித்தார். தீவின் ஒரு பக்கம் காசியாக நடித்தது. மற்றப் பக்கமாக நடிக்க இந்தியாவில் இடம் தேடினார்கள்.

சரி, இனி எங்கட ஊர்.

வாழைச்சேனையில் கமரா வைக்க ஓர் இடம் சொல்லு என்றால் நான் முதலில் சொல்வது ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலம். ஒரே தளத்தில் ரயிலும் போகும், பஸ்ஸும் போகும், சைக்கிளும் போகும். ரயில் வாற நேரம் இரண்டு கரையிலும் சனம் காத்து நிற்கும். மீன் பெட்டியோடு, பள்ளிக்கூடப் பையோடு, சிலநேரம் கல்யாணக் காரோடு. 2010இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகு வாகனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. கித்துல்கலயில் இல்லாத பாலத்தைப் பார்க்கப் போகிறார்கள், இங்கே இருக்கிற பாலத்தை ஒருவரும் பார்ப்பதில்லை!

இரண்டாவது, கடதாசி ஆலை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது போட்ட திட்டம், 1956இல் உற்பத்தி தொடங்கியது. மூலப்பொருள் வைக்கோல். வயலில் நெல்லை எடுத்த பிறகு மிஞ்சுவது கொப்பித் தாளாக மாறி நாடு முழுக்கப் போனது. உங்கட அம்மா அப்பா 'அ' எழுதிப் பழகிய தாள் இங்கிருந்து போனதாக இருக்கலாம். ஆலையைச் சுற்றித்தான் குவாட்டர்ஸ், கடைகள், பஸ்கள், சிங்களம் தமிழ் இரண்டும் கலந்த பேச்சு எல்லாம் வளர்ந்தன. போர் அதை முடக்கியது. பிறகு திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனபோது, இங்கே பலருக்கும் அந்த ஆலைதான் ஞாபகம் வந்திருக்கும்.

படமெடுப்பவர்களுக்குத் துருப்பிடித்த இயந்திரமும் உயர்ந்த கூரையும் அதற்குள் விழும் வெளிச்சமும் விருந்துதான். எனக்குப் பயம் அங்கேதான். இந்த ஆலை பேய்ப்படத்துக்கோ துப்பாக்கிச் சண்டைக்கோ செட்டாக மட்டும் போய்விடக்கூடாது. அங்கே 'ஷிப்ட்' முடிந்து வந்த ஆக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சுவர் கிடைத்தால் போதும் என்று போகிறவர் அவர்களில் ஒருவரிடமாவது ஒரு தேத்தண்ணி குடித்துக் கதைத்துவிட்டுப் போகட்டும்.

வீடுகளைப் பற்றிச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் பழைய வீடு மிகக் குறைவு. காரைக்குடியில் செட்டியார் வீடுகளைப் படத்துக்குப் படம் காட்டுகிறார்கள், எங்கட பக்கம் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் எங்கட நூற்றாண்டைக் கொஞ்சம் பார்க்கவேணும். 1978 நவம்பர் 23 சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளைப் பிடுங்கி எறிந்தது. பிறகு போர். 2004 டிசம்பர் 26 சுனாமி. இவை வெளியிலிருந்து வந்தவை. உள்ளேயிருந்தும் ஒரு காரணம் உண்டு: எங்கட வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மூத்த மகளுக்குக் கல்யாணம் என்றால் இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அடுத்த மகளுக்கு வளவில் வேறொன்று கட்டத் தொடங்குவார்கள். வாற மருமகனுக்கு விறாந்தை வைத்த ஓட்டு வீடு பிடிக்காது, 'டைல்ஸ்' போடவேணும், மேல்மாடிக்குத் தூண் விடவேணும். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் வீட்டை இடிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெண் பெயரில் உறுதி இருப்பது சின்ன விஷயமா? ஆனால் 'வீடு' படத்தின் அந்த அம்மாவின் கதை இங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை.

காரைக்குடியைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். அங்கே படப்பிடிப்பு வாடகை சில வீடுகளைத் தாங்கிப் பிடிக்கிறது, உண்மை. ஆனால் கட்டியவர்களின் கொடுக்கல் வாங்கல், பர்மா, மலாயா எல்லாம் மறைந்து, அந்த வீடு யாரோ ஒரு நாட்டாமையின் வீடாகவே மனதில் பதிந்துவிட்டது.

ஆகவே எங்கட குழுவில் இப்படிப் பேசிக்கொண்டோம். இடிக்கப்போகிற வீடு என்று கேள்விப்பட்டால், இடிக்க முதல் அரை நாள் கேட்டு வாங்குவது. திண்ணை, குசினி, கிணற்றடி, கதவு நிலை, ஒவ்வொன்றையும் போனிலாவது எடுப்பது. அந்த வீட்டு அம்மம்மாவைப் பேசவைத்துப் பதிவு செய்வது. படத்தின் கடைசியில் ஊர்ப் பெயரைப் போடுவது: 'ஒரு கிராமம்' என்று இல்லை, வாழைச்சேனை என்று.

பாலத்தை எடுக்க வருகிறவர்கள் ரயில் நேரத்தை இணையத்தில் பார்த்து நம்பி வராதீர்கள். கீழே வலை வீசுகிற ஆக்களிடம் கேளுங்கள். உதயதேவி இன்றைக்கு எவ்வளவு பிந்தி வரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.