கல்தச்சர் உளியும் அதன் வாழ்நாளும்

பண்டைப் பணிக்கருவிகள் இக்காலத்தனவற்றினும் நெடிது உழைத்தன என்பது பலர் கூற்று. கல்தச்சர் உளியைக் கொண்டு இதனை ஆராய்தல் தகும்.

1899ஆம் ஆண்டு முதல் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகள் துருவேறியும் வடிவு தெரியக் கிடைத்தன. ஆனால் அவை இறந்தோருடன் புதைக்கப்பட்டவை. அதன்பின் உழைப்பிற்கு வாராதவை. மாமல்லபுரத்துப் பாறையைக் குடைந்த உளிகள் யாண்டுள? முற்றுப்பெறாத குகைகளில் அவற்றின் தழும்புகளையே காண்கிறோம். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றிக் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதம் கொள்ளும் மகேந்திரவர்மனும் இரும்புளியின்றி அதனைக் குடைந்திரான்.

கருங்கல்லிற் பட்ட உளிமுனை விரைவில் மழுங்கும். கொல்லன் அதனை உலையிற் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் தோய்த்துத் தருவான். அவ்வாறு செய்யுந்தோறும் உளி சிறிது குறுகும்; பிடிக்கு அடங்காதபோது பழைய இரும்பாகும். உழைத்த கருவி எஞ்சாமைக்கு இதுவே பெருங்காரணம் எனலாம். தொண்டைமான் படைக்கலங்கள் நெய்பூசப்பெற்று மாளிகையில் பொலிய, அதியமானுடையவை முனை சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடந்ததைப் புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார் சுட்டுகின்றார். நயத்திற்காகவே பெரிதும் எடுத்துக்காட்டப்பெறும் அப்பாட்டு, கருவி வரலாற்றிற்கும் சான்றாதல் ஈண்டு நோக்கத்தக்கது.

இன்று டங்ஸ்டன் கார்பைடு முனை பதித்த உளிகளும் சிற்பப் பட்டறைகளில் வழங்குகின்றன. கூர் நிற்றலையே உழைப்பெனக் கொள்ளின் பழைய உளி இதற்கு ஈடாகாது. எனினும், முனை உடைந்த கார்பைடு உளியைக் கொல்லன் உலையிலிட்டு அடித்துத் திருத்தல் இயலாது. பழைய உளிக்கோ அவ்வுலையே மருந்து.